வயல் தெரியும் வில்லா விற்பனைக்கு!

நம்ம டீம்ல ரெண்டு பேருக்கு இப்போ ஒரு புதுக் காய்ச்சல். ஓ.எம்.ஆர்ல ஃப்ளாட், பொள்ளாச்சி பக்கம் தோப்பு, இதெல்லாம் பழைய ஃபேஷனாம். இந்தோனேசியாவுல, பாலித் தீவுல, ஏதாவது ஒரு குக்கிராமமாப் பார்த்து வயலைப் பார்த்த மாதிரி ஒரு வில்லா போடணுமாம். மத்தியானம் டப்பாவைத் திறந்தா இந்தப் பேச்சுதான். ஒருத்தன் எக்செல் ஷீட்டே தயார் பண்ணிட்டான். வருஷத்துக்கு 15 சதவீதம் வருமானம், ஏழே வருஷத்துல போட்ட காசு கைக்கு வந்துடும்னு விளம்பரத்துல இருக்கறதை அப்படியே ஒப்பிக்கிறான்.

அந்த மாதிரி ஒரு கிராமத்துல 2025 ஜூன்ல நான் ஆறு நாள் தங்கியிருந்தேன். ஆறு நாள் தங்கினவன்லாம் அபிப்ராயம் சொல்லலாமான்னு கேட்காதீங்க. ஆறு நிமிஷ வீடியோ பார்த்துட்டு கோடி ரூபாயை எடுத்து வைக்கத் தயாரா இருக்காங்க, நான் அபிப்ராயம் சொல்றதுல என்ன தப்பு :)

என் கட்சி இதுதான். அந்த வில்லாவுக்குக் கொடுக்கற காசுல பெரும்பங்கு பக்கத்து வயலோட அழகுக்குத்தான் போகுது. ஆனா அந்தப் பக்கத்து வயல்காரனுக்கு அதுல ஒரு பைசா கிடையாது. நாளைக்கு அவன் நடவை நிறுத்திட்டான்னா அழகும் போச்சு, முதலீடும் போச்சு. இவ்வளவு பெரிய ஓட்டை இருக்கற திட்டத்தை எந்த ஆர்க்கிடெக்ட்டும் ரிவ்யூவுல பாஸ் பண்ண மாட்டான்.

சரி, முதல்ல சட்டத்தைப் பார்த்துடுவோம். போரடிக்கும், ஆனா காசு போறது இங்கதான்.

"வாங்கறது"ங்கற வார்த்தையே அங்கே நமக்குப் பொருந்தாது. இந்தோனேசியாவோட அடிப்படை நிலச் சட்டம் 1960-ல வந்தது. முழு உரிமைக்கு அவங்க பேரு 'ஹக் மிலிக்'. தலைமுறை தலைமுறையா வெச்சுக்கலாம், விக்கலாம், அடமானம் வைக்கலாம். தனி மனுஷங்கள்ல அந்த உரிமை இந்தோனேசியக் குடிமகனுக்கு மட்டும்தான்னு 21-வது பிரிவு சொல்லுது. வெளிநாட்டுக்காரனுக்கு வாரிசுச் சொத்தா வந்தாக்கூட ஒரு வருஷத்துக்குள்ள கைமாத்தி விட்டுடணும்.

இந்த இடத்துல புரோக்கர் லேசா இருமிட்டு, உள்ளூர் ஆள் ஒருத்தர் பேர்ல வாங்கி அவர்கிட்ட தனியா ஒரு எழுத்து வாங்கி வெச்சுக்கலாம்னு சொல்லுவார். பினாமின்னா நமக்குத் தெரியாதா என்ன. 26-வது பிரிவைப் படிச்சா இதுக்குன்னே உட்கார்ந்து எழுதின மாதிரி இருக்கும். நேராவோ சுத்தி வளைச்சோ வெளிநாட்டுக்காரனுக்கு ஹக் மிலிக் நிலத்தை மாத்திக் கொடுக்கற ஏற்பாடு செல்லாது. நிலம் அரசாங்கத்துக்குப் போயிடும். கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை படிச்சுக்கங்க. எழுதிக் கொடுத்தவர் நல்லவரா இருக்கற வரைக்கும் பிரச்சினை இல்லை. அவருக்கு மூணு பசங்க இருக்காங்களே, மூணு பேரும் நல்லவங்களா இருக்கணும்.

நேர்வழியும் இருக்கு. அங்கேயே தங்க அனுமதி வாங்கினவங்களுக்கு 'ஹக் பாகாய்'னு பயன்பாட்டு உரிமை. 2021-ல வந்த அரசாணைப்படி 30 வருஷம், அப்புறம் 20 நீட்டிப்பு, அப்புறம் 30 புதுப்பிப்பு. இல்லைன்னா வெளிநாட்டு முதலீட்டுக் கம்பெனி ஆரம்பிக்கலாம். அதுக்கு 10 பில்லியன் ரூபியாவுக்கு மேல முதலீட்டுத் திட்டம் காட்டணும். ரூபியாவுல பில்லியன்னா சும்மா வேடிக்கைன்னு நினைக்காதீங்க, நம்ம காசுக்கு அஞ்சு கோடிக்கு மேல வருது. பொட்டி தட்டிப் பிழைக்கறவனுக்கு இது ரெண்டும் ஆகாத கதை.

மிச்சம் இருக்கறது குத்தகைதான். விளம்பரத்துல வர்ற 99 சதவீதம் இந்தக் குத்தகைதான்னு நான் அடிச்சுச் சொல்லுவேன். 25 வருஷம், 30 வருஷம்னு போடுவாங்க. முழுத் தொகையையும் முன்கூட்டியே எண்ணி வெச்சுடணும். விலை பேசறது 'ஆர்' கணக்குல. ஒரு ஆர்னா 100 சதுர மீட்டர், நம்ம ரெண்டரை சென்ட்டுக்குக் கொஞ்சம் கம்மி. ஒரு ஆருக்கு ஒரு வருஷத்துக்கு இவ்வளவுன்னு ஒரு சின்னத் தொகையைச் சொல்லுவாங்க, கேட்கும்போது சல்லிசா இருக்கும். ஆரை வருஷத்தால பெருக்கிப் பார்க்கும்போதுதான் முழி பிதுங்கும்.

நம்ம பாஷையில சொன்னா இது சாஃப்ட்வேர் லைசென்ஸ். 25 வருஷ சந்தாவை முதல் நாளே கட்டிட்டு, அதுக்கு மேல சொந்தக் காசுல வீட்டையும் கட்டி, கடைசி நாள்ல சாவியைக் கொடுத்துட்டு வர்றது. நீட்டிக்கற உரிமை உண்டுன்னு பத்திரத்துல எழுதியிருப்பாங்க. எந்த விலைக்குன்னு எழுதியிருக்கான்னு பாருங்க. பெரும்பாலும் "அன்றைய சந்தை விலைக்கு"ன்னு இருக்கும். அப்படின்னா அந்த உரிமைக்கு அர்த்தம், அன்னிக்கு வேற எவனும் கொடுக்கற காசை நீங்களும் கொடுக்கலாம்ங்கறதுதான்.

நம்ம ஆளோட எக்செலுக்கு வருவோம். ஒரு கணக்குக்கு ஒரு கோடி போடறான்னு வெச்சுக்கங்க. கட்டி முடிக்க ஒன்றரை வருஷம் போனா வாடகை வர்றது இருபத்திமூன்றரை வருஷம். கடைசியில கையில நிலமும் இல்லை, கட்டடமும் இல்லை. அதனால போட்ட ஒரு கோடியைத் திருப்பி எடுக்கவே வருஷத்துக்கு நாலேகால் லட்சம் வேணும். 15 லட்சம் வருமானம்னு சொல்றானே, அதுல நாலேகால் லட்சம் அவன் காசே அவன்கிட்ட திரும்பி வர்றது. இது வங்கி டெபாசிட்டுல கிடையாது, அங்கே முதல் அப்படியே இருக்கும்.

அதை விடுங்க. அந்த 15 லட்சமே வருஷத்துல 80 சதவீத நாள் ஆள் தங்கினாத்தான். கிராமத்துல, மழைக்காலத்துலயும் சேர்த்து 80 சதவீதமா? பாதி நாள்தான் ஓடுதுன்னு வெச்சா வருமானம் ஒன்பதரை லட்சத்துக்குக் கீழ வந்துடும். முதலைக் கழிச்சா அஞ்சு லட்சத்துச் சொச்சம். வீட்டைப் பார்த்துக்கற கம்பெனியோட பங்கு, வரி, கூரை மாத்தற செலவு (அந்த அழகான புல் கூரை இருக்கே, அதைச் சில வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தியே ஆகணும்) எல்லாம் இதுக்குள்ள இருந்துதான் போகணும். நம்ம ஊர் போஸ்ட் ஆபீஸ் டெபாசிட் இதைவிட மேல். கொசுவும் கடிக்காது.

கணக்கு இதோட போதும். கணக்கு மட்டும்தான் பிரச்சினைன்னா இவ்வளவு எழுதியிருக்கவே மாட்டேன்.

நான் தங்கின ஊர் ஜதிலுவி. தபனான் மாவட்டம், பத்துகாரு மலைச் சரிவு, கடல் மட்டத்துக்கு மேல சுமார் 700 மீட்டர். டென்பசார்ல இருந்து ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல ஆகுது. மலையைப் படிக்கட்டு படிக்கட்டா வெட்டி நூத்துக்கணக்கான ஹெக்டேர்ல நெல்லு. 2012-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்த இடத்துல இதுவும் ஒரு பகுதி. அதனாலேயே சுத்துவட்டாரத்துல எந்தக் காட்டு மூலையில நிலம் இருந்தாலும் விளம்பரத்துல 'ஜதிலுவிக்கு அருகில்'னு போட்டுக்கறாங்க, நம்ம ஊர்ல 'பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்தே நிமிடம்' மாதிரி.

வாழறதுக்கு எப்படின்னு கேட்டீங்கன்னா, அருமை. சும்மா சொல்லக்கூடாது. விடிகாலையில மலை மேல இருந்து பனி இறங்கி வயலை மூடும். ஏ.சி. தேவைப்படவே இல்லை. அதுவும் நல்லதுக்குத்தான், ஏன்னா அங்கே கிராமத்து வீடுகள்ல கரண்ட் இணைப்பு 900 வி.ஏ., 1300 வி.ஏ. அளவுலதான் இருக்கும். நான் தங்கின வீட்டுல வாட்டர் ஹீட்டரையும் கெட்டிலையும் ஒண்ணாப் போட்டா டப்புன்னு ட்ரிப் ஆகும். மீட்டர் பிரீபெய்ட். கடையில போய் இருபது இலக்க நம்பர் வாங்கி மீட்டர்ல அழுத்தணும். காசு தீரப்போகும்போது அது கீச் கீச்சுன்னு கத்தும், பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் நம்ம பர்ஸ் நிலவரம் தெரிஞ்சுடும்.

நெட் பரவாயில்லை. மலை மடிப்புல சில இடத்துல சிக்னல் சுத்தமா செத்துப்போகும். 2024 மே மாசம் ஸ்டார்லிங்க் வந்தப்புறம் அதுவும் ஒரு சாக்கா சொல்ல முடியாது. ஆனா நியெப்பி அன்னிக்கு ஒண்ணும் பண்ண முடியாது. சக வருஷப் பிறப்பு. அன்னிக்குப் பாலி முழுக்க விமான நிலையம் உட்பட இழுத்து மூடிடுவாங்க, தெருவுல யாரும் நடக்கக்கூடாது, விளக்குப் போடக்கூடாது. 2018-ல இருந்து மொபைல் டேட்டாவையும் நிறுத்திடறாங்க. புரொடக்‌ஷன் சர்வர் படுத்துடுச்சுன்னு டேமேஜர் கத்த நினைச்சாலும் கத்தல் நம்மகிட்ட வந்து சேராது. வருஷத்துக்கு ஒரு நாள் ஆணி புடுங்காம இருக்க ஒரு தீவே ஏற்பாடு பண்ணி வெச்சிருக்குன்னா பாருங்க.

உடம்புக்கு வந்தா 'புஸ்கெஸ்மாஸ்'னு ஆரம்ப சுகாதார நிலையம். பெரிசா ஏதாவதுன்னா தபனானுக்கோ டென்பசாருக்கோ வளைஞ்சு வளைஞ்சு போகணும். வயசான அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போய் செட்டில் ஆகற ஐடியா இருந்தா இதை முதல்ல யோசிங்க. அங்கே உட்கார்ந்து வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்க்க ஒரு வருஷ விசா இருக்கு. அதுக்கு ஆண்டு வருமானம் 60,000 டாலர் காட்டணும், நம்ம காசுக்கு அரைக் கோடிக்கு மேல. காட்ட முடிஞ்சவங்க கை தூக்குங்க. நான் தூக்கலை.

இப்போ முக்கியமான விஷயம். தண்ணி.

மேல இருந்து பார்த்தா அந்த வயல்கள் தனித்தனி ஆளோட தனித்தனிச் சொத்து. தண்ணியைப் பொறுத்தவரைக்கும் அப்படி இல்லை. ஒரு வாய்க்கால்ல தண்ணி எடுக்கற எல்லாரும் சேர்ந்தது ஒரு 'சுபாக்'. தலைவருக்குப் பேரு 'பெகாசே'. எந்த மடையை எப்போ திறக்கணும், எப்போ நாத்து விடணும், வாய்க்கால் தூர் வார யார் எத்தனை நாள் வரணும், எல்லாம் கூடிப் பேசி முடிவு. ஆத்துல கிளை பிரியற இடத்துல கோயில். மேல் மடைக்காரன், கீழ் மடைக்காரன் ரெண்டு பேரும் ஒரே கோயிலுக்கு வந்துதான் ஆகணும். பதினோராம் நூற்றாண்டு சாசனங்கள்லயே இந்த அமைப்பு பேரோட வருது. குடிமராமத்து, நீர்க்கட்டின்னு கேள்விப்பட்டவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நம்மகிட்ட பேரா மிஞ்சியிருக்கறது அங்கே வேலையா நடக்குது.

இதுல நம்ம தொழிலுக்குச் சம்பந்தப்பட்ட ஒரு கதை உண்டு. 1970-கள்ல பசுமைப் புரட்சின்னு சொல்லி அதிகாரிங்க, கோயில் காலண்டரை எல்லாம் தூக்கி வைங்க, புது ரகத்தை முடிஞ்ச வரைக்கும் தொடர்ச்சியா நடுங்கன்னு சொன்னாங்க. பக்கத்து வயல்ல அறுப்பு நடக்கும்போது இந்த வயல்ல நடவு. தண்ணிக்கு அடிதடி. அதைவிட மோசம், புகையான் பூச்சிக்கு வருஷம் பூரா சாப்பாடு. இந்த வயல்ல முடிச்சதும் அடுத்த வயலுக்குப் போச்சு, அங்கே முடிச்சதும் அடுத்தது.

ஸ்டீபன் லான்சிங்னு அமெரிக்க மானுடவியல் அறிஞர் ஒருத்தர், ஜேம்ஸ் கிரெமர்ங்கற சூழலியலாளரோட சேர்ந்து இதைக் கம்ப்யூட்டர்ல மாடல் பண்ணினார். ரெண்டு ஆத்துப் பாசனத்துல இருக்கற 172 சுபாக்கையும் ஒவ்வொரு நோடாப் போட்டு சிமுலேஷன். ஒவ்வொருத்தனும் இஷ்டத்துக்கு நட்டா பூச்சி தின்னுடுது. எல்லாரும் ஒரே நாள்ல நட்டா பூச்சி பட்டினி கிடந்து சாகுது, ஆனா தண்ணி பத்தலை. நடுவுல ஒரு அளவுல குழு பிரிச்சா விளைச்சல் உச்சத்துக்குப் போகுது. அந்த அளவு, தண்ணிக் கோயில்கள் ஏற்கெனவே வெச்சிருந்த குழு அளவோட கிட்டத்தட்ட பொருந்திப் போச்சு. 1991-ல அவர் எழுதின புத்தகத்துக்குப் பேரே 'பூசாரிகளும் புரோகிராமர்களும்'ங்கற அர்த்தத்துல வரும். பல நூறு வருஷமா ஓடற டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம், ஒரு வரி கோடு கிடையாது, சென்ட்ரல் சர்வர் கிடையாது. நாமெல்லாம் ரெண்டு மைக்ரோ சர்வீஸைப் பேச வைக்க ராத்திரி முழுக்க முழிச்சிருக்கோம்.

இப்போ இந்த சிஸ்டத்துல நம்ம வில்லாவைக் கொண்டு போய் வைங்க. நாலு ஆர் வயலை மேடாக்கி, சுத்துச் சுவர் எடுத்து, நடுவுல நீச்சல் குளம். அந்த வயல் வழியா அடுத்த வயலுக்குப் போயிட்டிருந்த தண்ணி இப்போ எந்த வழியாப் போகும்? தூர் வார ஆள் வரணும்னு பெகாசே சொன்னா அந்த வில்லாவுல இருந்து யார் மண்வெட்டி எடுத்துட்டு வருவாங்க? சமையலறைக் கழுநீர் எங்கே போகும்? ஒரு வில்லான்னா சமாளிச்சுடுவாங்க. ஆனா ஒண்ணு வந்த இடத்துல ரோடு வரும், ரோடு வந்தா பக்கத்து நிலத்துக்கு விலை ஏறும், விலை ஏறினா மதிப்பைப் பார்த்துப் போடற நில வரியும் ஏறும். நெல் வித்து அந்த வரியைக் கட்டணும். கடைசியில கட்ட முடியாதவனும் குத்தகைக்கு விட்டுடுவான். கீழ் மடைக்காரன் தண்ணி வராம தானா நிறுத்துவான். அப்போ எந்த வயலைப் பார்க்கறதுக்கு ராத்திரிக்கு இவ்வளவுன்னு வாடகை கேட்டோமோ அந்த வயல் இருக்காது. எதிர்ல இன்னொரு வில்லாவோட பின்பக்கச் சுவரும் தண்ணித் தொட்டியும்தான் தெரியும். கடலோரமா இருக்கற சாங்கு பக்கம் போய்ப் பாருங்க. வயல் வியூன்னு கட்டின இடங்கள் எத்தனை இப்போ சுவரைப் பார்த்துட்டு நிக்குதுன்னு தெரியும்.

சட்டமும் சும்மா இல்லை. உணவு விளையற நிலத்தைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே 2009-ல போட்டிருக்காங்க. மாவட்டத் திட்ட வரைபடத்துல வயல் பச்சை, குடியிருப்பு மஞ்சள், சுற்றுலா இளஞ்சிவப்புன்னு கலர் கலரா இருக்கும். புரோக்கர் காட்டற போட்டோவுல இருக்கற பச்சைக்கும் வரைபடத்துல இருக்கற பச்சைக்கும் ரொம்ப நெருங்கின சம்பந்தம் உண்டு. 2025 செப்டம்பர்ல பாலியில பெரு வெள்ளம் வந்து பத்துப் பேருக்கு மேல செத்துப்போனாங்க. அதுக்கப்புறம் கவர்னர், வயலை ஹோட்டலாவும் ரெஸ்டாரன்ட்டாவும் மாத்த இனி அனுமதி கிடையாதுன்னு அறிவிச்சார்.

அந்த வருஷம் டிசம்பர்லதான் ஜதிலுவியில அந்தச் சம்பவம். பாரம்பரிய எல்லைக்குள்ள விதியை மீறிக் கட்டியிருக்காங்கன்னு மாகாண சட்டமன்றக் குழு போய் 13 கட்டடத்துக்கு சீல் வெச்சது. சாப்பாட்டுக் கடை, தங்கற இடம் அப்படி. அதுல உள்ளூர் விவசாயிங்களே தங்க நிலத்துல போட்ட கடைகளும் இருந்தது. அவங்க என்ன பண்ணினாங்க தெரியுமா? ஊர்வலம் போகலை, பஸ் கண்ணாடியை உடைக்கலை. தகரம் வாங்கினாங்க. பளபளன்னு வெயில்ல கண்ணைக் கூசுமே, அந்தத் தகரத்தைத் தங்க வயல்லயே வரிசையா நட்டு வெச்சுட்டாங்க. உலகமே போட்டோ எடுக்க வர்ற வயல், தகரக் கொட்டகை மாதிரி ஆயிடுச்சு. பார்க்க வந்தவங்க குறைய ஆரம்பிச்சாங்க.

செய்தியைப் படிச்சதும் எனக்கு அந்தக் கட்டடம் சரியா தப்பாங்கற விவாதமே மறந்து போச்சு. விதி மீறல்னா மீறல்தான், நான் அதுக்கு வக்காலத்து வாங்கலை. ஆனா அந்தத் தகரம் ஒரு விஷயத்தைப் பட்டுன்னு போட்டு உடைச்சுது. காட்சியை உருவாக்கறவன் நினைச்சா அதை ஒரே நாள்ல அணைக்க முடியும். டிக்கெட் போட்டு வசூல் நடக்குது, மாவட்டம், ஊர், சுபாக்னு பங்கு பிரியுது. சேத்துல நிக்கறவன் கைக்கு வந்து சேர்றது கொஞ்சம்தான்ங்கறது அவங்களோட பழைய குறை. அதையாவது கேட்க ஒரு இடம் இருக்கு. வில்லாக்காரன் வாங்கற வாடகையில பங்கு கேட்க இடமே கிடையாது.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும். நான் தங்கின வீட்டு மகனே என்கிட்ட கேட்டார். என்னைவிட நாலஞ்சு வயசு பெரியவர், 'ப்ளி'ன்னு கூப்பிடுவேன், பாலி பாஷையில அண்ணன்னு அர்த்தம். ரெண்டு தடவை சொகுசுக் கப்பல்ல வேலைக்குப் போயிட்டு வந்தவர். அந்த ஊர்ப் பசங்க நிறைய பேருக்குக் கப்பல் இல்லைன்னா ஜப்பான்தான் கனவு. அவர் கேட்டது இதுதான். நீ வயக்காட்டை விட்டுட்டுக் கம்ப்யூட்டருக்குப் போயிட்டே, ஏ.சி.யில உட்கார்ந்திருக்கே. நான் மட்டும் நீங்க போட்டோ எடுக்கறதுக்காகக் காலம் பூரா சேத்துல நிக்கணுமா?

நியாயமான கேள்வி. எங்க தாத்தா ரெண்டு ஏக்கர் நஞ்சையை வித்துத்தான் அப்பாவைப் படிக்க வெச்சார். அந்தப் படிப்பு இல்லைன்னா நான் பாலிக்கு டிக்கெட் போட்டிருக்க முடியாது. அதனால ப்ளியைப் பார்த்து "விக்காதீங்க, விடாதீங்க, பாரம்பரியத்தைக் காப்பாத்துங்க"ன்னு சொல்ற யோக்கியதை எனக்குக் கிடையாது. அவருக்குக் குத்தகைக்கு விடணும்னு தோணினா விடட்டும். அது அவர் உரிமை.

என் சண்டை அவரோட இல்லை. வாங்கப் போற நம்ம ஆளுங்களோடதான். குத்தகைப் பணம் மொத்தமா ஒருத்தர் கைக்கு ஒரே தடவை போகுது. அந்த வீட்டுல அடுத்த 25 வருஷத்துக்கு அந்த நிலத்துல இருந்து வேற வருமானம் கிடையாது. பைக்கு, கல்யாணம், கோயில் சடங்கு, வீட்டுக்கு டைல்ஸ்னு போய்ட்டா மகன் தலைமுறை வெறுங்கையோட நிக்கும். பக்கத்து வயல்காரங்களுக்கு ஒண்ணுமே கிடையாது, வாய்க்கால் தொந்தரவு மட்டும் மிச்சம். இத்தனையும் நடந்தாத்தான் நம்ம எக்செல்ல அந்த 15 சதவீதம் வருது. அதுக்குப் பேரு 'பாஸிவ் இன்கம்'. யாரு பாஸிவ்? காலையில அஞ்சு மணிக்கு மடை திருப்பப் போறவரா?

ஊர்க்காரங்களுக்கு நிலத்தோட பொறுப்பும் சேர்ந்து வருதுங்கறதையும் சொல்லணும். அங்கே வழக்கப்படி நடக்கற ஊருக்கு 'தேச அதாத்'னு பேரு, எழுதி வெச்ச ஊர்க் கட்டுப்பாடு இருக்கு. சில நிலங்கள் ஊருக்கும் கோயிலுக்கும் செய்ய வேண்டிய கடமையோட கட்டப்பட்டது. அதை அனுபவிக்கறவன் திருவிழா வேலைக்கு வரணும், சாவுக்கு வரணும். வெளியாளுக்கு விக்க முடியாது. நோட்டரி ஆபீஸ்ல ஆங்கிலத்துல பத்திரம் படிச்சுப் பார்த்துட்டு எல்லாம் க்ளீன்னு நினைச்சுக்கிட்டு வர்றவங்களுக்கு இது தெரியறது கட்டடம் பாதி எழும்பினப்புறம். ஊர் கோவிச்சுக்கிட்டா எந்த சர்டிபிகேட்டும் ரோட்டைத் திறந்து விடாது.

இந்தோனேசியா முழுக்க இதே கதைதானான்னு கேட்டா, இல்லை. அங்கே சுமார் 75,000 கிராமங்கள் இருக்கு. 2015-ல இருந்து மத்திய அரசு கிராம நிதின்னு ஒவ்வொரு கிராமத்துக்கும் நேரடியா பணம் அனுப்புது. அதை வெச்சு ஊரே கம்பெனி மாதிரி ஆரம்பிச்சு நடத்தலாம். மத்திய ஜாவாவுல க்ளாத்தன் மாவட்டத்துல பொங்கோக்னு ஒரு கிராமம், ஊருக்குப் பொதுவான ஊற்றுக் குளத்தையே சுற்றுலா இடமாக்கி ஊர் நிறுவனமே நடத்துது. ஊர்க்காரங்களும் அதுல பங்கு போட்டிருக்காங்க. வெளியாளுக்கு அங்கே வாங்க ஒண்ணும் இல்லை, டிக்கெட் எடுத்துத் தண்ணிக்குள்ள உட்கார்ந்து போட்டோ எடுக்கலாம், அவ்வளவுதான். முதலீட்டு வாய்ப்புன்னு சொன்னா எனக்கு இந்த மாதிரிதான் தோணுது. வாய்ப்பு இருக்கு, நமக்குத்தான் இல்லை.

அப்படியும் ஆசை விடலையா? பச்சை வயலைத் தொடாதீங்க. ஊருக்குள்ள, மஞ்சள் மண்டலத்துல, ஏற்கெனவே நிக்கற வீட்டை ரெண்டு வருஷம், மூணு வருஷம்னு வாடகைக்கு எடுத்து முதல்ல ஒரு மழைக்காலம் இருந்து பாருங்க. டிசம்பர், ஜனவரியில துணி காயாது, சுவர்ல பூஞ்சை பிடிக்கும், லேப்டாப் பை பச்சை நிறத்துக்கு மாறும். அதையும் தாண்டிப் பிடிச்சிருந்தா வாடகையை நீட்டிச்சுக்கங்க. பக்கத்து வயல் யாரோடது, அவர் பசங்க என்ன பண்றாங்கன்னு விசாரிங்க. எந்த லாயர் நோட்டீஸையும்விட அந்த ஒரு பதில்தான் அந்த இடத்தோட இருபது வருஷ எதிர்காலத்தைச் சொல்லும்.

வெறும் லீவுக்குப் போறவங்க ஊர்க்காரங்க வீட்டுலயே தங்குங்க. காசு அங்கேயே நிக்கும், சாப்பாடும் பிரமாதம். ஜதிலுவியோட சிவப்பரிசி பேர் போனது, பழைய ரகம், மெதுவா விளையறது. அதை வறுத்து டீ மாதிரிக் கூட போட்டுத் தர்றாங்க. நான் தங்கின வீட்டு அம்மா ரெண்டு கிலோ கட்டிக் கொடுத்தாங்க. வாங்கிட்டு வந்தீங்கன்னா முதல் நாள் ராத்திரியே ஊற வெச்சுடுங்க, இல்லைன்னா குக்கர்ல எத்தனை விசில் விட்டாலும் வேகாது.